"சீர் செய்துவிட்டோம், பங்கு எதற்கு?" என்று கேட்டார்கள்: ஐந்து ஆண்டு அனுபவம்

பிறந்த வீட்டிலிருந்து "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று அழைப்பு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த அழைப்பு 2019 கடைசியில் வந்தது. அப்பாவின் நிலத்தில் என் பங்குக்கான பட்டாவில் என் பெயர் ஏற 2024 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எனக்குப் பெரிய உதவி எதுவும் தேவைப்படவில்லை. எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், யார் சொல்வதை நம்பலாம், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அப்படி யாரும் இருக்கவில்லை. என்னைப்போல் இன்னொருத்தி இருட்டில் தடவக் கூடாது என்ற ஆதங்கத்தில்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாவுக்குத் தாத்தா வழியில் பாகத்தில் வந்த நிலம் 3 ஏக்கர் 20 சென்ட். பாதிக்கு மேல் பெங்களூரா மாமரங்கள், மீதியில் கேழ்வரகும் கொள்ளும். அதை ஒட்டி 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் 1992இல் கிரயம் வாங்கினார். அக்கா, அண்ணன், நான் என்று மூன்று பிள்ளைகள். அக்காவுக்கு 1987இல் கல்யாணம் ஆனது. எனக்கு 2003இல், ஊத்தங்கரைப் பக்கம். எனக்கு 25 பவுன் நகை, மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், பாத்திரம் பண்டம், கட்டில் பீரோ எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு வருடத் தோப்புக் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே வாங்கித்தான் அப்பா அந்த நகையைச் செய்தார். அன்று ஒரு பவுன் ஐயாயிரத்துக்குள் இருந்தும் அவருக்கு அது பெரும் பாரம்.

அந்த நகை என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கணக்குக்கு அது வேண்டும். ஒரு வருடத்துக்குள் என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பதினைந்து பவுன் போயிற்று. மிச்சம் என் கணவர் வைத்த கடைக்காக அடகுக்குப் போய், வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் மூழ்கியது. என் கழுத்தில் நின்றது தாலிக்கொடி மட்டும். "கேட்டுவிட்டு எடுத்தார்களா?" என்றால் கேட்டார்கள்தான். வந்து சில மாதமே ஆன மருமகள் எப்படி மறுப்பாள்?

அப்பா 2018இல் இறந்தார். உயில் எதுவும் எழுதவில்லை. அடுத்த வருடம் அண்ணன் போனில் அழைத்து, பட்டாவை மாற்றவேண்டும், எல்லா வாரிசும் வந்து கையெழுத்துப் போடவேண்டும், ஆதாரும் இரண்டு புகைப்படமும் எடுத்துக்கொண்டு வா என்றார். நானும் அக்காவும் போனோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் கடையில் எல்லாம் தயாராக அடித்து வைத்திருந்தது. நான் எடுத்துப் படித்தேன். "அண்ணன் தங்கைக்குள் படித்துப் பார்க்க என்னம்மா இருக்கிறது?" என்று அவர் சிரித்தார். நான் படித்துக்கொண்டே இருந்தேன். அது பட்டா மாறுதலுக்கான மனு இல்லை, விடுதலைப் பத்திரம். "ரூபாய் ஐம்பதாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியங்களையும் விட்டு விடுதலை செய்து" என்று என் பெயரில் எழுதியிருந்தது. ஒரு ரூபாய்கூட யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. உடம்பெல்லாம் சூடேறி, "எனக்கு யோசிக்கவேண்டும் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அக்கா அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். பட்டா மாற்றத்துக்கு விடுதலைப் பத்திரம் அவசியமே இல்லை. வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். தரமாட்டோம் என்றால் அதில் என்ன இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பதிவின்போது அதிகாரி "சம்மதத்துடன் எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பார். மறுக்க அதுவே கடைசி இடம். பதிவான பத்திரத்தை அதற்குப் பிறகு நீதிமன்றத்தில்தான் உடைக்க முடியும். ஏமாற்றி வாங்கப்பட்டது என்றால், அந்த உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டாகவேண்டும்.

நான் கையெழுத்துப் போடாமல் வந்த செய்தி ஊருக்குள் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. அம்மா போனில் அழுதார். "உனக்குப் போட்ட நகைதானே உன் பங்கு, இன்னும் என்ன கேட்கிறாய்?" என்றார். சித்தப்பாவும் தாய்மாமாவும் அதையே சொன்னார்கள். அடுத்து வந்த பருவத்தில் வழக்கமான மாங்காய்க் கூடை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அண்ணன் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகையும் வரவில்லை. ராத்திரி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பேன். நகை என் பங்கு என்றால் அது என்னிடம் இருக்கவேண்டும். என் மாமியார் வீடு அதை எடுத்துக்கொண்டது. நிலம் அண்ணனுடையது என்றால் அவருக்கு இரண்டும் கிடைத்தது. அண்ணியும் நகையோடும் வண்டியோடும்தான் வந்தார். என் வழியாக ஒரு வீட்டுப் பொருள் இன்னொரு வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். எனக்கு என்று சொல்ல இரண்டு வீட்டிலும் எதுவும் நிற்கவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அவர் கதையும் அதுதானே.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு, பெண்ணுக்காக வேறு யார் கையில் வரதட்சணை போயிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அதை அவளிடம் ஒப்படைக்கவேண்டும் என்கிறது. சீதனம் அவளுக்கே உரியது, கணவன் வீட்டார் பாதுகாவலர்தான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணத்தில் கொடுத்ததைக் காட்டிப் பங்கை மறுக்க முடியாது என்பதும் அப்படித்தான். கல்யாணத்தில் வரதட்சணை கொடுத்திருந்தாலும் குடும்பச் சொத்தில் மகளுக்குள்ள உரிமை போய்விடாது என்று 2023 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. பஞ்சாயத்துப் பேச வந்த பெரியவர்கள் யாருக்கும் இது தெரியவில்லை. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் பெண் பிள்ளை என்றாலே செலவு என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தர்மபுரிக்கு வந்தது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, 2004இல்தான் பிரிந்தது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே தொட்டில் வைத்துக் கெஞ்சவேண்டி வந்த மண் இது. இரண்டாவதும் பெண் என்று நான் பிறந்தபோது பாட்டி மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லையாம். வரதட்சணை என்ற பயம் அந்த வீட்டுக்குள் எப்போதும் இருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கிய வழக்கத்தையே காட்டி, "உனக்கு ஏற்கெனவே செய்துவிட்டோம்" என்று நிலத்தையும் மறுக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் தணிவதில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தீர்மானம் கொண்டுவந்தார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் அது தமிழ்நாட்டில் சட்டமானது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அதே உரிமையைத் தந்த மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊர்த் திண்ணைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் அக்காவிடம், "உங்களுக்கு 1989க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது, உங்களுக்குப் பங்கே கிடையாது, சும்மா ஒரு கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டின் 1989 திருத்தத்தில் அப்படி ஒரு வரம்பு இருந்தது உண்மை. 1989 மார்ச் 25க்கு முன் மணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் அது பொருந்தவில்லை. 2005 சட்டத்தில் அந்த வேறுபாடே இல்லை. மகள் பிறப்பாலேயே மகனைப்போல் பங்குதாரர் என்றும், 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்றும் வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பா தானே வாங்கிய நிலத்தில் அந்த வரம்பு ஒருநாளும் இருந்ததில்லை. உயில் இல்லாமல் அவர் இறந்தால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமப் பங்கு. பாதி உண்மையைச் சொல்லி அக்காவின் கையெழுத்தை வாங்கிவிட்டார்கள். நான் விவரம் சொன்னபோது, "தம்பி வாசலில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீராவது வேண்டும், விட்டுவிடு" என்றார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

அந்தத் தீர்ப்புச் செய்தியை ஊரடங்கு நேரத்தில் செய்தித்தாளில் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். சீட்டு எடுத்த பணத்திலிருந்து 40,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு அறிவிப்பு அனுப்பினார், அதோடு சரி. ஏழெட்டு மாதம் "வாருங்கள், பார்க்கலாம்" என்றே கழிந்தது. பிறகு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றி, டீக்கடையில் என்னைப்போல் காத்திருந்த ஒரு பெண் சொன்னார். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வெள்ளைத்தாளில் மனுவும் ஆதார் நகலும் கொடுத்தேன். எனக்கு நியமிக்கப்பட்டவர் இளம்பெண், பொறுமையாகக் கேட்டார். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைத்து விசாரிக்கலாம். மிரட்டல், அடி என்று போனால் பெண்களுக்கான உதவி எண் 181.

அந்த இளம் வழக்கறிஞர் முதலில் கேட்டது காகிதங்களை. அதை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் நீங்களே தனியாக விண்ணப்பித்து வாங்குங்கள், இ-சேவை மையத்தில் முடியும். வாரிசுச் சான்றிதழில் மகள்கள் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மணமாகிப்போன பெண்ணின் பெயரை விட்டுவிட்டு வாங்குவது எங்கள் பக்கத்தில் சர்வ சாதாரணம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் வருவாய்த்துறை இணையதளத்தில் புல எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். அக்கா எழுதிக் கொடுத்தது போக வேறு ஏதாவது கிரயமோ அடமானமோ ஆகியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். தாத்தா காலத்துப் பாகப்பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வேண்டும். எது பூர்வீகம், எது அப்பா வாங்கியது என்று பிரித்துக் காட்டினால்தான் பங்குக் கணக்கு வரும். எங்கள் கணக்கு இப்படி. பூர்வீக நிலத்தில் அப்பா, அண்ணன், அக்கா, நான் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் அந்தக் கால் பங்கை அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் மறுபடி சமமாகப் பிரிக்கவேண்டும். ஆக எனக்குப் பதினாறில் ஐந்து, அதாவது 1 ஏக்கர். அப்பா வாங்கியதில் நாலில் ஒன்று, 30 சென்ட். மொத்தம் 1 ஏக்கர் 30 சென்ட். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போனபோது பஞ்சாயத்தில் என் குரலே மாறியிருந்தது.

நீதிமன்றக் கட்டணத்தில் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று இருந்தது. சொத்து உங்கள் அனுபவத்தில், அதாவது உங்கள் கைவசத்தில் இல்லை, முழுக்க வெளியேற்றப்பட்டுவிட்டீர்கள் என்றால் உங்கள் பங்கின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று கட்டவேண்டும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் சிறிய, நிலையான கட்டணம்தான். அப்பா ஒவ்வொரு வருடமும் குத்தகைப் பணம் வந்ததும் என் வங்கிக் கணக்கில் ஐயாயிரம் போடுவார். அவர் போன மறுவருடம் அண்ணனும் ஒருமுறை போட்டிருந்தார். நானும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்று காட்ட, பாஸ்புத்தகத்தில் இருந்த அந்த வரிகள் எனக்குக் கைகொடுத்தன. எனவே பிறந்த வீட்டிலிருந்து விளைச்சலில் ஏதாவது வந்தால், எவ்வளவு சிறிய தொகையானாலும் வங்கி வழியாக வாங்குங்கள். காலதாமதமும் செய்யாதீர்கள். உங்களை விலக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டு போனால் பாக வழக்கே போட முடியாமல் போகலாம்.

2021இல் என் பாக வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகி எண் கிடைத்தது. நிலத்தை விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் கிடைத்தது. வழக்கு நடக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான் என்பதால், நெடுஞ்சாலைப் பக்கம் மனை போடுகிறவர்கள் பேசிக்கொண்டிருந்தது அப்படியே நின்றது. அண்ணன் தரப்பு எதிருரையில், சீர் செய்து பங்கைத் தீர்த்துவிட்டோம் என்றும், 1998இலேயே வாய்மொழியாகப் பாகம் ஆகிவிட்டது என்றும் எழுதினார்கள். இரண்டாவதைப் படித்தபோது எனக்குப் பயம் வந்தது. பயப்படத் தேவையில்லை என்று வழக்கறிஞர் விளக்கினார். பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இல்லாமல் வெறும் வாய்மொழிப் பாகம் என்று சொல்வதைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது, அதற்குப் பொது ஆவணங்களின் ஆதாரம் வேண்டும் என்று அதே வினீதா சர்மா தீர்ப்பில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் இன்னொரு பக்கம் என் புகுந்த வீடு. வழக்கு என்றதும் திட்டியவர்கள், தடை உத்தரவு வந்த பிறகு திடீரென்று அன்பானார்கள். பங்கு வந்தால் விற்றுவிட்டு ஓசூரில் வீடு கட்டலாம் என்றார் மாமியார். ஏக்கர் என்ன விலை போகிறது என்று என் கணவரின் தம்பி விசாரித்து வந்தார். அன்று நான் அழுதது போல் முன்பும் அழுததில்லை, பிறகும் அழுததில்லை. 25 பவுன் போன வழியிலேயே இதுவும் போகும் என்று தோன்றியது. நிலம் என் பெயரில் இருக்கும், விற்கமாட்டேன் என்று கணவரிடம் நேராகச் சொன்னேன். சில வாரம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி பெண்ணுக்கு வரும் சொத்து முழுக்க அவளுடையது, கணவனுக்கு அதில் கையெழுத்து அதிகாரம் கிடையாது. பிறந்த வீட்டிலிருந்து வாங்கி வா என்று நெருக்குவது வரதட்சணை கேட்பதில் சேரும். வீடு கட்டப் பணம் கேட்பதும் வரதட்சணையே என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. பங்கு கேட்டுப் போகும் பெண், தன் பின்னால் நிற்பவர்கள் யாருக்காக நிற்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

2023இல் சமரசத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அம்மா வந்திருந்தார். எல்லோர் முன்னாலும், "அவளும் நான் பெற்றவள்தான், கொடுத்துவிடு" என்று அண்ணனிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நான் 20 சென்ட் விட்டுக்கொடுத்து, 1 ஏக்கர் 10 சென்ட்டை ஒரே துண்டாகக் கேட்டேன். அதற்குப் பதிலாக வண்டிப்பாதையும், கிணற்றில் முறைத் தண்ணீரும், மின் மோட்டாரில் பாத்தியமும் பத்திரத்தில் எழுதவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இதை யாரும் மறக்காதீர்கள். பாதையும் தண்ணீரும் எழுதாத பங்கு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும், அடுத்த கோடையிலேயே நீங்கள் திரும்பிப் போய்க் கெஞ்ச நேரும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை கிரயத்தைவிட மிகவும் குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், மேல்முறையீடும் கிடையாது. எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவானது. அதில் பெரும்பகுதி ஆரம்பத்தில் விவரம் சொல்ல ஆள் இல்லாமல் போனது. வாய்தாவுக்குப் போன நாட்களில் தையல் கூலியும் இல்லை.

பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உட்பிரிவு செய்து சர்வேயர் அளந்து கல் நட்டுத் தனிப் பட்டா வரும்வரை விடாமல் கேட்கவேண்டும். எனக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. அளக்கும் நாளில் நிலத்தில் நீங்களே நில்லுங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களையும் வரச்சொல்லுங்கள். பட்டா வந்ததும் நிலவரியை உங்கள் பெயரில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். இந்த வருடம் என் பகுதி மாமரங்களை அண்ணனுக்குக் கொடுக்காமல் வெளியாளுக்குக் குத்தகை விட்டேன், அதில் அவருக்கு இன்னும் வருத்தம். அண்ணி மட்டும் போன மாதம் யாருக்கும் தெரியாமல் போனில் அழைத்தார். அவருடைய அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறதாம், அவருடைய தம்பிகள் ஏதோ கையெழுத்துக்குக் கூப்பிடுகிறார்களாம். நகலை வாங்காமல் பேனாவைத் தொடாதீர்கள் அண்ணி என்று சொல்லி, வில்லங்க விவரம் பார்ப்பது எப்படி என்று அன்றைக்கே சொல்லிக் கொடுத்தேன்.